ஓரத்தில் அச்சான முகம்

பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிளில் முகங்கள் நிறைய இருக்கும். குழந்தை முகம், சாமி முகம், சினிமாவில் பார்த்ததுபோலத் தோன்றும் யாரோ ஒரு பெண்ணின் முகம். அச்சில் நான்கு மைகளும் சரியான அளவில் விழுந்தால்தான் முகம் முகமாக வரும். சிவப்பு கூடினால் வெயிலில் வெந்ததுபோல் ஆகிவிடும். நான் டிடிபி ஆபரேட்டராக வேலை பார்த்த சிவகாசி அச்சகத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஷீட்டின் ஓரத்தில், கடைசியில் வெட்டி எறியப்போகும் இடத்தில், அச்சகத்திலேயே வேலை பார்க்கும் ஒருவருடைய முகத்தைச் சின்னதாக வைத்துவிடுவோம். மெஷின்காரர் ஷீட்டை எடுத்து அந்த முகத்தையும் பக்கத்தில் நிற்கும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நிறம் சரி.

முதலாளி டிஜிட்டல் கேமரா வாங்கிய வருஷம் அந்த முகம் என் கணவருடையது.

அவர் அதே அச்சகத்தில் கட்டிங் மெஷினில் இருந்தார். அவரைப் படம் எடுக்க வேண்டும் என்று நான் முன்பே நினைத்திருக்கவில்லை. கேமராவை என் கையில் கொடுத்து, யாரையாவது நிற்க வைத்து ஒரு படம் எடு என்றார் முதலாளி. எனக்கு ஆட்களிடம் போய் நில்லுங்கள் என்று சொல்லக் கூச்சம். பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் படித்து, அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும், மெஷினைப் பார்த்துப் பேசுவேனே தவிர மனிதர்களைப் பார்த்துப் பேச மாட்டேன். அந்த நேரத்தில் என் கணவர் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு உள்ளே வந்தார். ஒன்று எனக்கு.

“அப்படியே நில்லுங்க.”

“எதுக்கு புள்ள?”

“ஓரத்துல வைக்க மொகம் வேணுமாம்.”

“எம் மூஞ்சியா? வெடி வாங்குறவன் பயந்துருவான்.”

மெஷின்காரர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். “ஓரத்துலதான மாப்ளே வைக்காக. ஒன்னைய நீயேதான வெட்டி எறியப் போற? ஒனக்குப் புடிக்கலைன்னா அங்கனயே வெட்டிப் போட்ரு.”

அவர் சிரித்துவிட்டார். அந்த நொடியில் நான் பொத்தானை அழுத்தினேன்.

இதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி இருக்கும். சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடப் போகும். கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார். ரேஷன் கார்டிலும் ஓட்டு அடையாள அட்டையிலும் இருப்பவர் வேறு யாரோ. அன்றைக்கு இரண்டு கையிலும் சூடான டீ இருந்ததால் வாயை மூட முடியவில்லை. ஏறிய பல் தெரிய அவர் சிரித்த படம் அது ஒன்றுதான்.

அந்த சீசன் முழுவதும் அவர் முகம் அச்சாகிக்கொண்டே இருந்தது. கம்பி மத்தாப்பு லேபிள், புஸ்வாணம் லேபிள், தரைச்சக்கரம் லேபிள், எதை அடித்தாலும் ஓரத்தில் அவர். மஞ்சள் தூக்கலாக வந்தால் மெஷின்காரர், “மாப்ளைக்கு இன்னைக்கு மஞ்சத் தண்ணி ஊத்துறாகடோய்” என்று கத்துவார். கறுப்பு கூடிவிட்டால், “எங்க மாப்ளே, கரி மூட்டை தூக்கவா போய்ட்டு வந்த?” என்பார். ஷீட்டுகள் காய்ந்ததும் கட்டிங் மெஷினுக்குப் போகும். இவர் அடுக்கித் தட்டி நேராக்கி, தன் முகம் இருக்கும் ஓரத்தை நறுக்கித் தள்ளுவார். வெட்டிய துண்டுகள் காலடியில் குவியும். சாயங்காலம் அள்ளிச் சாக்கில் கட்டி வேஸ்ட் பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள். அவற்றில் ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், முகம்தான் வீட்டிலேயே இருந்ததே. யார் எடுத்து வைப்பார்கள்?

எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. லேபிள் வேலைக்கு ஒன்று, காலண்டர் வேலைக்கு ஒன்று. தீபாவளி ஆர்டர் முடியும்போது லேபிள் டிஸ்க்கைக் கழற்றி முதலாளியின் பீரோவில் வைத்துவிட்டு, காலண்டர் டிஸ்க்கில் இருக்கும் பழைய வேலையை அழித்து அதை மாட்டுவோம். காலண்டர் சீசன் முடிந்ததும் திரும்பவும் மாற்றுவோம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. வித்தியாசம் தெரிய ஒரு காகிதத் துண்டில் பேர் எழுதி ஒட்டியிருந்தோம்.

மாற்றும் நேரம் ஆயுத பூஜையை ஒட்டித்தான் வரும். பூஜை என்றால் என் கணவருக்குக் கால் தரையில் நிற்காது. அந்த வருஷமும் கட்டிங் மெஷினைத் தேய்த்துக் கழுவினார், கத்தியைத் துடைத்தார், பிறகு என் அறைக்கு ஈரத்துணியோடு வந்துவிட்டார். மானிட்டர், கீபோர்டு, மேஜையில் கிடந்த இரண்டு டிஸ்க்குகள், எல்லாவற்றையும் துடைத்தார். மை விரல் பட்டு அழுக்கேறி ஓரம் கிழிந்திருந்த அந்தக் காகிதங்களையும் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தார். நான் பொரி கடலை பொட்டலம் போடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சாமி படத்துக்கு முன்னால் இரண்டு டிஸ்க்குகளும் அண்ணன் தம்பி மாதிரி உட்கார்ந்திருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள், காலண்டர் டிஸ்க்கை அழித்து மாட்ட வேண்டிய இன்னொரு ஆபரேட்டர் (அவர் பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார்) இரண்டில் ஒன்றை எடுத்து அழித்து மாட்டினார். மற்றது பீரோவுக்குப் போனது. யாரும் கவனிக்கவில்லை. புதிதாக அழித்த டிஸ்க்கில் எதுவும் இருக்காது என்பதால் சந்தேகம் வரவும் வழியில்லை. அதில் நான் காலண்டர் வேலை ஆரம்பித்தேன். முருகன், லட்சுமி, ஏசு, மெக்கா, நாய்க்குட்டி, மலை அருவி. என் கணவர் பக்கத்து அறையில் அவற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில், காலண்டர் வேலை எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விருதுநகர் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எங்கள் அச்சகத்திலேயே அடித்தார்கள். கல்யாணப் போட்டோவில் இருந்து என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுத்திருந்தார்கள். தெருச்சுவரில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். என் மாமியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது ஆருடி? எம் மகன் இப்புடியா இருப்பான்?” என்று கேட்டார்.

அவரிடம் நான்தான் சொன்னேன். “சிரிக்கிற படம் ஒண்ணு கம்பெனியில இருக்கு அத்தை. வேலைக்குப் போனதும் எடுத்துட்டு வாறேன்.”

லேபிள் வேலை ஆரம்பித்ததும் முதலாளி பீரோவில் இருந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். சந்தனம் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. மாட்டித் திறந்தேன். உள்ளே பழைய காலண்டர்கள். முடிந்துபோன வருஷத்தின் தேதிகள். டிஸ்க்கில் இருந்த எல்லா ஃபோல்டருக்குள்ளும் போய்ப் பார்த்தேன். ஒரு லேபிள்கூட இல்லை.

முதலாளிக்குத் தொழில் கவலை. லேபிள் டிசைன்கள் போய்விட்டால் பட்டாசுக் கம்பெனிகளிடம் போய், அச்சுத் தகடு போட எடுத்த பிலிமை இரவல் கேட்க வேண்டும். எனக்கும் பிலிம் ஞாபகம் வந்தது. ஆனால் ஓரங்களை நறுக்கிவிட்டுத்தான் பிலிமைக் கம்பெனிக்குக் கொடுப்போம். நறுக்கியதும் அவர்தான். கேமராவின் கார்டைப் படம் எடுத்த அன்றைக்கே அழித்து வேறு படம் எடுத்தாயிற்று. வேஸ்ட் பேப்பர் குடோனுக்குப் போய் வெளியே நின்றேன். உள்ளே ஒருவர், “என்னம்மா வேணும்?” என்றார். போன தீபாவளிக் காகிதம் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

“ஒளிஞ்சு கிடந்தாலும் கிடக்கும், ஆளை வரச் சொல்லுவோம்” என்று முதலாளி விருதுநகரில் இருந்து ஒருவரை வரவழைத்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பு ரேடியோ ரிப்பேர் செய்தவர், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவர். ஞாயிற்றுக்கிழமை, அச்சகம் ஓடாத நாளில் வந்தார். நான் எதற்காகத் தேடுகிறேன் என்பதை முதலாளி அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வந்ததும் என்னைப் பார்த்து, “தங்கச்சி, நீங்களே ஒக்காருங்க. எனக்குக் கிட்டப் பார்வை சரியில்ல. நான் சொல்லுதேன், நீங்க அடிங்க” என்றார்.

எங்கள் இரண்டு டிஸ்க்குகளையும் மாட்டி, தான் கொண்டுவந்த இன்னொரு பெரிய டிஸ்க்கையும் மாட்டினார். விண்டோஸைத் தொடவில்லை. ஒரு சிடியைப் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினார். படம் எதுவும் வரவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது.

“விண்டோஸ் அதுக்குப் புரிஞ்சதை மட்டும் காட்டும். புரியலைன்னா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும். பதறிப்போய் ஆமான்னு குடுத்தா முடிஞ்சது. இது அப்படி இல்ல. இருக்கிறதை இருக்கிறபடிக்குச் சொல்லும். அடிங்க. எஃப்டிஸ்க். ஒரு இடம் விடுங்க. மைனஸ். சின்ன எல்.”

அடித்தேன். என்டர் தட்டினேன். வரிகள் விழுந்தன. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பெயர், அதற்குக் கீழே அளவு, அதற்குக் கீழே அதை எத்தனை பகுதியாகப் பிரித்திருக்கிறது, ஒவ்வொரு பகுதியும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது. எச்டிஏ என்பது அவருடையது, அளவே சொன்னது. எங்களுடையவை எச்டிபி, எச்டிடி. இரண்டின் அளவும் கடைசி எண்வரை ஒன்று.

“அளவை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது” என்றார். “பாத்தி பிரிச்சிருக்கிறதைப் பாருங்க. லேபிள் டிஸ்க்கை எத்தனையாப் பிரிச்சிருந்தீக?”

“மூணா. புரோகிராம் ஒண்ணு, லேபிள் ஒண்ணு, போட்டோ ஒண்ணு.”

“காலண்டரு?”

“ரெண்டு.”

நான் திரையைப் பார்த்தேன். எச்டிடியில் இரண்டு வரி. பீரோவில் இருந்து வந்தது அது. எச்டிபியில் ஒரே வரி. முதலில் இருந்து கடைசிவரை ஒரே வெளியாக, ஒரே பகுதி; அழித்தவர் இந்த முறை பிரிக்காமலே விட்டிருந்தார். மூன்று எங்கேயும் இல்லை.

அவர் பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எச்டிடியைப் படிக்க மட்டும் திறக்கும்படி ஒரு கட்டளை சொன்னார், எழுத முடியாதபடி. இரண்டு பகுதியையும் திறந்து பட்டியல் போட்டுப் பார்த்தோம். காலண்டர்கள். ஒளித்து வைத்ததாக ஒன்றும் இல்லை. பிறகு எச்டிபியின் சீரியல் எண்ணைச் சொல்லும் கட்டளை ஒன்றை அடிக்கச் சொல்லிவிட்டு, குனிந்து பெட்டிக்குள் டார்ச் அடித்து, டிஸ்க்கின் உடம்பில் கம்பெனிக்காரன் ஒட்டிய எண்ணை எழுத்து எழுத்தாக வாசித்தார். நான் திரையில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்தது. மூன்று மாதம் நான் காலண்டர் வேலை பார்த்த டிஸ்க்தான் அது.

“தங்கச்சி, லேபிள் டிஸ்க்கைத்தான் காலண்டருக்கு எடுத்துருக்காக” என்றார்.

“அப்ப அந்தப் படம்?”

“வரப்பை அழிச்சிட்டாக, அம்புட்டுத்தான். வரப்பு போனா நிலம் போயிராது. ஆனா…” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதுல புதுசா விதைச்சிருக்கீகளே. எந்த எடத்துல விழுந்துருக்குன்னு ஆருக்குத் தெரியும்?”

விதைத்தது நான்தான். ஐப்பசியில் இருந்து மார்கழிவரை ஒவ்வொரு காலண்டரையும் சேமித்தபோது அது அந்த டிஸ்க்கில் எங்கோ ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று அது கேட்டிருக்காது. அப்போது என் கணவர் பக்கத்து அறையில் இருந்தார். நான் கூப்பிட்டால் வந்திருப்பார்.

விருதுநகர்க்காரர் ஒரு தேடும் நிரலை ஓட்டினார். எச்டிபியில் இருந்து படித்து, எச்டிஏயில் போட வேண்டும். அந்த ஓரெழுத்தை அடிக்கும் முன் என்னை மூன்று முறை சத்தமாக வாசிக்கச் சொன்னார். பியும் டியும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும், சாக்கிரதை என்றார். என்டர் தட்டியதும் ஓர் எண் மெல்ல ஏற ஆரம்பித்தது. அவர் புரோட்டா வாங்கிவரப் போனார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

கிடைத்தவற்றுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். ஒவ்வொன்றாகத் திறந்தோம். பாதி ராக்கெட். மயில் கழுத்து மட்டும். ஒரு குழந்தையின் கையில் மத்தாப்பு, குழந்தை இல்லை. முழு லேபிள் பைல்களுக்குள்ளும் என் கணவர் முகம் இருந்திருக்கும், ஆனால் அவை பெரியவை, ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பிற்பகலில் ஒன்றைத் திறந்தபோது முடி தெரிந்தது. எண்ணெய் வைத்து ஒதுக்கிய முடி, அதில் ஒட்டியிருந்த காகிதத் தூசி. நெற்றி. புருவம். கண். கண் இரண்டும் சுருங்கி, ஓரத்தில் கோடு கோடாக மடிந்து இருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அளவு கன்னம். அதற்கும் கீழே படம் இல்லை. சாம்பல் நிறம், கடைசிவரை.

“படம் மேல இருந்து கீழயா எழுதியிருக்கும்” என்றார் அவர், என்னைப் பார்க்காமல். “மேப்பாதி தப்பிச்சிருச்சு. கீழ்ப்பாதி இருந்த எடத்துல வேற ஏதோ ஒக்காந்துருச்சு.”

“என்னண்ணே ஒக்காந்துச்சு?”

“அது என்னத்துக்கு தங்கச்சி?”

ஏதோ ஒரு மாதத்தின் தேதிகளாக இருக்கும். இல்லை ஒரு நாய்க்குட்டியாக.

கல்யாணப் போட்டோவில் இருந்து வாயை எடுத்து ஒட்டிவிடலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அது எனக்குத் தெரியாத வேலை இல்லை. தினமும் அதைத்தான் செய்கிறேன், ஒருத்தி உடம்பில் இன்னொருத்தி தலையை வைக்கிறேன். ஆனால் அந்த வாய் இறுக்கி மூடிய வாய். இந்தக் கண்ணுக்குக் கீழே அதை வைக்க எனக்குக் கை வரவில்லை.

கலர் பிரிண்ட் ஒன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாம்பல் பாகத்தை மடித்துப் பின்னால் தள்ளியிருந்தேன். என் மாமியார் விளக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“சிரிக்கான்” என்றார். “இந்தக் கண்ணு அவன் சிரிக்கையில இருக்க கண்ணு.” விரல் கண்ணில் இருந்து கீழே இறங்கி, மடிப்பில் வந்து நின்றது. மடிப்பைப் பிரித்தார். “கீழ எங்கடி?”

“வரலத்தை.”

“வரலன்னா? இங்கன வரைக்கும் வந்தது அங்கன வராமயா போயிரும்? தேடுனீகளா?”

“தேடுனோம்.”

“இன்னும் தேடச் சொல்லு. அங்கனதான் கிடக்கும். எங்க போயிரும்?”

திங்கட்கிழமை காலையில் முதலாளி என் அறை வாசலுக்கு வந்து நின்றார். லேபிள் ஆர்டர்கள் வந்து குவிந்திருந்தன. “ஏம்மா, தேடுனது முடிஞ்சதா? அந்த டிஸ்க்கை வேலைக்கு எடுத்துக்கிடலாமா? ஒனக்கு வேணும்னா சொல்லு” என்றார். அவர் நல்ல மனிதர். வேண்டும் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். அந்த ஒரு வார்த்தை என் வாயில் இருந்து வரவில்லை. எனக்கு என்று எதையும் யாரிடமும் கேட்டுப் பழக்கம் இல்லை, கேட்பதெல்லாம் என் கணவர்தான் எனக்காகக் கேட்பார். எடுத்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினேன்.

விருதுநகர்க்காரர் தன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போக அன்றைக்கும் வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். “இன்னொருவாட்டி தேடுவமா தங்கச்சி? வேற ஒரு வழியில?”

“கீழ்ப்பாதி மேல எழுதியாச்சுன்னு சொன்னீகளே. திரும்ப வருமாண்ணே?”

அவர் பொய் சொல்லவில்லை. “வராது.”

“அப்ப வேண்டாம்.”

அழிப்பதற்கு முன் எது என்று உறுதி செய்ய வேண்டும். அவர் சொல்லக் காத்திருக்காமல் நானே எஃப்டிஸ்க் அடித்தேன். வரிகள் விழுந்தன. ஒரே பகுதியாக இருப்பது எச்டிபி. சீரியல் எண்ணையும் ஒத்துப் பார்த்தேன். “இதுதான்” என்றேன். பழையபடி மூன்றாகப் பிரித்தேன், புரோகிராமுக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று. எழுதவா என்று அது கேட்டது. என்டரைத் தட்டினேன்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் கேட்டார். “என்னடி, கெடச்சுதா?”

செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

“தேடிக்கிட்டு இருக்காக அத்தை.”

“ம். பைய்யத் தேடட்டும். அவசரப்பட்டு விட்றப் போறாக” என்றார்.

அவர் செவ்வாய்க்கிழமையும் கேட்டார், கெடச்சுதா என்று.